லிஸ்பனில் ஒரு கலியாண வீடு

லிஸ்பன் நகரத்துக்கு எல்லோரும் வெயிலுக்காகப் போகிறார்கள். நாங்கள் போன வாரம் முழுக்க மழை. மே மாதத்தில் இப்படிப் பெய்வதில்லை என்று வாடகைக்கார் ஓட்டியவரிலிருந்து பாண் கடைக்காரி வரை எல்லோரும் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார்கள். எங்களுக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் அந்த மே மாதத்தில் வெயில் எறித்திருந்தாலும் நாங்கள் கவனித்திருக்க மாட்டோம்.

போன காரணம் ஒரு கலியாணம். என் மனைவி வசந்தியின் தமக்கை யோகம் அக்கா பாரிசில் இருக்கிறார். அத்தான் இறந்து சில வருடங்களாகிவிட்டன. அவர்களின் ஒரே மகள் ஆரணி, தன்னோடு வேலை செய்யும் லூயிஸ் என்ற போர்த்துக்கேயப் பெடியனை விரும்பியிருந்தாள். லூயிசின் தகப்பனுக்கு ஈரலில் புற்றுநோய். கோடை முடியும்வரை இருப்பார் என்றுகூட வைத்தியர்கள் உறுதி சொல்லவில்லை. காலமெல்லாம் பாரிசில் கட்டட வேலை செய்த அந்த மனிதர், கடைசி நாட்களைக் கழிக்கச் சொந்த ஊருக்கு வந்திருந்தார். அவர் கண் மூடுமுன் கலியாணம் நடக்க வேண்டும் என்பதால்தான் லிஸ்பன்.

எங்கள் பக்கத்தில் வேறொரு கதை. இந்த இரண்டு பெண்களுக்கும் ஒரே தம்பி சிவம். மனைவி மலரோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் வன்னியில் இருந்தான். மாசி மாதம் யாருடையதோ தொலைபேசியில் கதைத்தான். "பயப்பிடாதேங்கோ, நாங்கள் இடம் மாறிக்கொண்டுதான் இருக்கிறம்" என்றான். அதன்பிறகு குரல் இல்லை. சனம் ஒதுங்கியிருந்த கடற்கரை கிழமைக்குக் கிழமை சுருங்கிக்கொண்டே போனது. தகப்பன் இல்லாத பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுக்க வேண்டியவன் தாய்மாமன். "அவன்ர இடத்தில நீங்கள் ரெண்டு பேரும் வந்து நில்லுங்கோ தம்பி. எனக்கு வேற ஆர் இருக்கினம்?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

கனடாவில், பிக்கரிங்கில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் கலியாணத்தைத் தள்ளிவைக்கலாமே என்றார்கள். வாயால் சொல்லாதவர்கள் முகத்தால் சொன்னார்கள். எங்கள் மகள் அபிரா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்புகளை விட்டுவிட்டு அந்த மாதங்களில் போரை நிறுத்தச் சொல்லி ரொறன்ரோ வீதிகளிலேயே பதாகையோடு நின்றாள். நாங்கள் பெட்டி அடுக்கும்போது அறை வாசலில் வந்து நின்று, "ஹவ் கேன் யூ கோ அம்மா? மாமா அங்க பங்கருக்குள்ள இருக்கிறார். நீங்கள் வெடிங்குக்குப் போறீங்கள்" என்றாள்.

வசந்தி சேலையை மடித்தபடியே சொன்னாள்: "அந்த மனுசன் செத்துக்கொண்டிருக்கிறார் பிள்ளை. அவரையும் பொறுத்திருங்கோ எண்டு சொல்ல ஏலாது."

வியாழக்கிழமை காலை போய் இறங்கினோம். வாடகைக்கார் ஒரு குன்றின் அடியிலேயே நின்றுவிட்டது. மேலே கார் போகாதாம். வழவழப்பான சின்னக் கற்கள் பதித்த நடைபாதை, அதன்மேல் மழைத்தண்ணீர். வசந்தி இரண்டு தரம் சறுக்கினாள். நான் ஒரு தரம் முழங்காலில் விழுந்தேன். பெட்டியின் சில்லு ஒன்று கழன்று கீழ்நோக்கி ஓடியது. ஒரு கிழவர் அதைச் சப்பாத்தால் மிதித்து நிறுத்தி, துடைத்துத் தந்துவிட்டு நடந்தார்.

அக்காவும் ஆரணியும் முதல்நாளே வந்திருந்தார்கள். அவர்கள் எடுத்திருந்த விடுமுறைக் குடியிருப்பு பழைய நகரத்தின் நடுவில், நாலாம் மாடியில் இருந்தது. மின்தூக்கி இல்லை. கட்டடத்தின் முகப்பெல்லாம் நீல ஓடு. சுவர்கள் ஒரு முழ அகலம். ஆணி அடித்தால் மறுபக்கம் எட்டிப் பார்க்கிற எங்கள் பிக்கரிங் வீட்டுச் சுவர் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்காரி டோனா லூர்து அறுபது தாண்டிய, பெருத்த, மூச்சு வாங்குகிற மனுசி. இளமையில் பாரிசில் ஒரு மாடிக் கட்டடத்தில் காவற்காரியாக இருந்தவர் என்பதால் அக்காவோடு பிரெஞ்சில் பொழிந்து தள்ளினார். எங்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும்போது மட்டும் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுத் தன் மொழியில் சொன்னார். கதிரையைத் தொட்டு "கடெய்ரா" என்றார். மேசை "மேசா." யன்னலைத் தள்ளித் திறந்து "ஜனெலா." குளியலறையில் துவாயை நீட்டி "துவால்யா." கடைசியாக என் உள்ளங்கையில் திறப்பை வைத்து "ஷாவ்" என்றார். மார்க்கம் நகரில் என்னோடு வேலை செய்யும் மதுரைக்காரர் இதைச் சாவி என்பார். அவர் சொல்லும்போதெல்லாம் நான்தான் சுத்தத் தமிழ் பேசுகிறவன் என்று எனக்கொரு நினைப்பு. இங்கே கதிரைக்கும் யன்னலுக்கும் சொந்தக்காரி முன்னால் நின்றார்.

வசந்தி சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்ததைப் பார்த்தேன். "இவையின்ர ஆக்கள் அந்தக் காலத்தில எங்கட நாட்டைப் பிடிச்சு, எங்கட கோயிலை இடிச்சு, கதிரையைத் தந்திட்டுப் போயிருக்கினம்" என்றாள். பிறகு ஏதோ பிழை செய்தவள்போல வாயை மூடிக்கொண்டு, தொலைபேசியில் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை சாமான் வாங்கப் போனோம். தேங்காய், பூ, வெற்றிலை. தேங்காயும் பூவும் கிடைத்தன. வெற்றிலைக்குப் பதிலாக ஏதோ ஒரு இலையை அக்கா தெரிவு செய்து, "சாமி கண்ணை மூடிக்கொள்ளும்" என்றார். சந்தையில் பலகைபலகையாக உப்புப் போட்ட மீன் அடுக்கியிருந்தது. அசல் கருவாட்டு மணம். வேறொரு வருடமாக இருந்திருந்தால் அங்கேயே ஒரு மணித்தியாலம் நின்றிருப்பேன்.

திரும்பும்போது மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன ட்ராம் வண்டியில் ஏறினோம். பாதி ஏற்றத்தில் அது நின்றது. யாரோ தங்கள் காரைத் தண்டவாளத்தை ஒட்டி விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சாரதி மணியை அடித்தார், பிறகு கதவைத் திறந்துவிட்டு இறங்கிச் சிகரெட் பற்றவைத்தார். ஒருவரும் கத்தவில்லை. ஒரு பெண் முழங்காலில் பையை வைத்துக்கொண்டு பட்டாணி உரிக்கத் தொடங்கினாள். பின்னால் ஒருவர் மற்றவரிடம், "உன் மச்சானுடைய காராக இருக்கும்" என்று சொல்ல, எல்லோரும் சிரித்ததாக, லூயிசிடம் கொஞ்சம் போர்த்துக்கேயம் பழகியிருந்த ஆரணி எங்களுக்கு மொழிபெயர்த்தாள்.

எனக்கு ரொறன்ரோதான் நினைவில் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சனம் பிள்ளை குட்டிகளோடு ஏறி ஒரு பெருந்தெருவை மறித்து உட்கார்ந்தது. அபிராவும் அதற்குள் இருந்தாள். அடுத்தநாள் வேலைத்தலத்தில், நல்லவர் என்று நான் நினைத்திருந்த ஒருவர், வீட்டுக்குப் போகப் பிந்திவிட்டது என்று என்னிடம் முறைப்பட்டார். நான் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று ட்ராமுக்குள் இருந்து யோசித்தேன். கடைசியில் ஆறேழு ஆண்கள் இறங்கி, அந்தக் காரைத் தூக்கி நடைபாதையில் வைத்தார்கள். நானும் ஒரு கை கொடுத்தேன்.

சனிக்கிழமை கலியாணம். பதிவாளரிடம் பிற்பகல் போக வேண்டும். அதற்கு முன் தாலி கட்டு, அந்தக் குடியிருப்பின் வரவேற்பறையில். ஐயர் இல்லை. மடிக்கணினியில் நாதஸ்வரம். உல்லாசப் பயணிகளுக்கான வரைபடங்கள் கிடந்த மேசையைத் துடைத்து, குத்துவிளக்கை வைத்தோம். ஆரணி கூறைச் சேலையில் வந்து நின்றபோது அக்கா வெள்ளைச் சுவரோடு சாய்ந்துகொண்டார். நான் தேங்காயை உடைத்த சத்தத்துக்குக் கீழ்வீட்டிலிருந்து யாரோ கூட்டுகிற தும்புக்கட்டையால் மேல்நோக்கி இடித்தார்கள். டோனா லூர்து படிக்கட்டில் நின்று கீழே ஒரு கத்துக் கத்தினார். அதன்பிறகு அமைதி.

லூயிசின் தகப்பன் வரமாட்டார், பதிவு மண்டபத்துக்கு மட்டும்தான் வருவார் என்றிருந்தோம். படிக்கட்டில் ஆட்களின் மூச்சிரைப்புக் கேட்டது. லூயிசும் அவனுடைய சிநேகிதர்களும் அவரை ஒரு கதிரையில் இருத்தி, நாலு மாடியும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோல் மஞ்சளாகி, உடுப்புக்குள் ஆளே இல்லாததுபோல இருந்தார். ஆனால் கழுத்துப்பட்டி கட்டி, தலைமயிரை ஈரமாக்கி வாரியிருந்தார்.

நானும் வசந்தியும் ஆரணியின் கையைப் பிடித்துத் தாரைவார்த்துக் கொடுத்தோம். வசந்தி ஊற்றிய தண்ணீரில் பாதி லூயிசின் சப்பாத்தில் கொட்டியது. தாலி கட்டியதும் லூயிசின் தகப்பன் கைதட்டினார். அவர் ஒருவர்தான் தட்டினார். பிறகு அக்காவைக் கிட்டக் கூப்பிட்டு, பெண்ணுடைய மாமா இவர்தானா என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"இல்லை. மாமா வர ஏலாத இடத்தில் இருக்கிறார்" என்று அக்கா பிரெஞ்சில் சொன்னார்.

அவருக்கு லூயிஸ் சொல்லியிருக்க வேண்டும். மெல்லிய குரலில் நீண்ட நேரம் பேசினார். அக்கா பிறகு எங்களுக்குச் சொன்னார். இருபது வயதில் அவரை அங்கோலாவுக்குப் போரிட அனுப்பினார்களாம். "போர் முடிந்தது என்று வானொலியில் சொன்னார்கள். அன்றைக்கும் நாங்கள் செத்தவர்களைப் புதைத்துக்கொண்டிருந்தோம். முடிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் உடனே நம்பாதீர்கள்."

பதிவு முடிந்து ஆற்றங்கரையில் படம் எடுத்தோம். அந்தப் படங்களில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். மழைகூட அந்த அரைமணித்தியாலம் விட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மணமக்கள் தகப்பனோடு அவருடைய கிராமத்துக்குப் போய்விட, நாங்கள் மூன்று பேரும் அந்த வீட்டில் மிஞ்சினோம். காலையில் முட்டைக்களி நிரப்பிய சின்னப் பலகாரங்களை டோனா லூர்து கொண்டுவந்து தந்தார். தொட ஆளில்லாமல் மேசையில் கிடந்தன. ரொறன்ரோவிலிருந்து அபிரா தொலைபேசி எடுத்தாள். குரல் கரகரத்தது. "அப்பா, எல்லாம் முடியுதாம். இயக்கம் ஆயுதத்தைக் கீழ வைக்கிறம் எண்டு சொல்லியிட்டுதாம். சிவில்லியன்ஸ் எங்க எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. அம்மாட்டச் சொல்லாதேங்கோ." நான் சொல்லவில்லை. வசந்தி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அவள் அழுவது கேட்கக்கூடாது என்று தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

அக்காவுக்குக் கோபம் எங்கே போவதென்று தெரியாமல் என்மேல் வந்தது. "கனடாவில நீங்கள் இவ்வளவு சனம் இருக்கிறியள். ரோட்டில இருந்து என்னத்தைக் கண்டியள்?"

"பாரிசில நீங்கள் கண்டதைத்தான் அக்கா" என்றேன்.

கீழே தெருவில் பயணிகள் கூட்டமொன்று குடைகளோடு நின்று, வழிகாட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தது. முன்பொரு காலத்தில் நிலநடுக்கம் வந்து இந்த நகரமே இடிந்து எரிந்ததாம், பிறகு திரும்பக் கட்டினார்களாம். அவர் சொன்ன ஆங்கிலம் யன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

திங்கட்கிழமை வீட்டுக்குள் இருக்க முடியாமல் மூலையிலிருந்த தேத்தண்ணிக் கடைக்குப் போனோம். சுவரில் பெரிய தொலைக்காட்சி. உதைபந்தாட்டச் செய்திக்கும் வானிலைக்கும் நடுவே திடீரென்று எங்கள் நாடு வந்தது. தலைநகரின் தெருவில் சிங்கக் கொடிகளை ஆட்டிக்கொண்டு சனம் ஆடியது. வெடி கொளுத்தினார்கள். வெற்றியென்று பாற்சோறு பங்கிட்டார்கள். பிறகு மேலிருந்து எடுத்த படம்: மணல், எரிந்த வாகனங்கள், கந்தலாகிப்போன தறப்பாள் கூடாரங்கள், ஒரு மனிதரும் இல்லை. ஒரு நிமிடம் இருக்குமோ என்னவோ. பிறகு மழைமேகப் படம் வந்தது.

பக்கத்து மேசையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளை மீசை, நல்ல முகம். அது உங்கள் நாடா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "முடிந்துவிட்டதாமே, இத்தனை வருடத்துக்குப் பிறகு. வாழ்த்துகள். நீங்கள் இனி ஊருக்குப் போகலாம்."

அவர் மனதார வாழ்த்தினார், அதனால் எனக்கு மறுக்க வாய் வரவில்லை. நன்றி சொன்னேன். வசந்தி எழுந்து, தேத்தண்ணியை அப்படியே விட்டுவிட்டு, மழைக்குள் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். ஏற்றத்தில் அவள் ஒரு இடத்திலும் சறுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வீட்டை விட வேண்டும். பதினொரு மணிக்கு அடுத்த ஆட்கள் வருகிறார்கள். எங்கள் விமானங்கள் பின்னேரம்தான், அக்கா பாரிசுக்கு, நாங்கள் ரொறன்ரோவுக்கு. அக்காவும் வசந்தியும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று விரிப்பைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அக்காவின் தொலைபேசி அடித்தது. லண்டனிலிருந்து ஒன்றுவிட்ட தம்பி பாபு.

அக்கா "ஓம்" என்றார். பிறகும் "ஓம்." விரிப்பின் ஒரு முனை அவர் கையில் இருந்தது, மற்ற முனை வசந்தியின் கையில். "எப்ப?" என்று கேட்டார். பிறகு தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

சிவத்தின் பங்கருக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் காலில் காயப்பட்டு, கப்பலில் ஏற்றித் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டிருக்கிறார். இப்போதுதான் அவருக்கு ஒரு தொலைபேசி கிடைத்து, லண்டனில் இருக்கும் தமையனோடு கதைத்திருக்கிறார். சிவம் ஏப்ரல் கடைசியிலேயே முடிந்துவிட்டான். பிள்ளைகளுக்குத் தண்ணீர் எடுக்க வெளியே வந்த இடத்தில் செல் விழுந்து வெடித்தது. அந்த மணலிலேயே புதைத்தார்கள். அந்த மனிதர் கப்பல் ஏறும்வரை மலரும் பிள்ளைகளும் உயிரோடு இருந்தார்கள். பிறகு தெரியாது.

பிக்கரிங்கில் நாங்கள் பெட்டி அடுக்கியபோதே அவன் இல்லை. மகள் வாசலில் நின்று மாமா பங்கருக்குள் இருக்கிறார் என்றபோதும் இல்லை.

வசந்தி தரையில் உட்கார்ந்து குழறி அழுதாள். அக்கா அழவில்லை. நின்றபடியே, "துடக்கோட, சாவுத் தீட்டோட தாலி கட்டியிருக்கிறம்" என்றார். "கூடப்பிறந்தவன் செத்து ஒரு மாசமாகேல்லை. என்ர பிள்ளைக்குத் துடக்கு வீட்டில தாலி கட்டுவிச்சிருக்கிறன். அவளுக்கு என்ன வரப்போகுதோ!"

"எங்களுக்குத் தெரியாதே அக்கா" என்றேன்.

"சாவுக்குத் தெரியும்."

வசந்தி எழுந்து வந்து அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அக்கா, இஞ்ச பாரும். கேட்ட நேரத்தில இருந்துதான் துடக்கு. இண்டைக்குத்தான் எங்களுக்குத் துடக்கு. சனிக்கிழமை எங்களுக்கு ஒரு துடக்கும் இல்லை. அவன் இருந்திருந்தா அண்டைக்கு அவன்தான் தண்ணி ஊத்தியிருப்பான். அவன்ர கலியாணம் அது." அதைக் கேட்டபிறகுதான் அக்கா அழுதார். அவர் அழுத சத்தம் அந்தக் கல்லுக் கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும்.

துப்புரவு செய்ய வந்த பெண்ணோடு டோனா லூர்து வாசலில் நின்றார். யாரும் மொழிபெயர்க்கவில்லை. உள்ளே ஒரு பார்வை பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனார். நேரமாகிறது என்று சொல்லப்போகிறார் என நான் அவசரமாகப் பெட்டிகளை நகர்த்தினேன். அவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது இரண்டு கையாலும் ஒரு பெரிய சட்டியைப் பிடித்திருந்தார். பின்னால் அந்தத் துப்புரவுப் பெண் பாணும் கோப்பைகளும் கொண்டுவந்தாள். கிழங்கும் கீரையும் போட்ட சூப். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலவர்தான் சமைத்துக் கொண்டுவர வேண்டும். இதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது.

பின்னேரம்வரை இருங்கள், அடுத்தவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்காவிடம் பிரெஞ்சில் சொன்னார். சூப்பில் இறைச்சித் துண்டுகள் மிதந்தன. அக்கா கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, மிச்சத்தைக் குடித்தார். டோனா லூர்து அதைக் கண்டு, எங்கள் மற்ற இரண்டு கோப்பைகளிலிருந்தும் அவரே துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார்.

மூன்று மணியளவில் பெட்டிகளோடு இறங்கினோம். முதலாம் மாடிப் படிக்கட்டில் ஓர் இளம் சோடி, பயணப் பைகளின்மேல் உட்கார்ந்திருந்தது. தேனிலவுக்கு வந்தவர்கள் போல. பதினொரு மணியிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறார்கள். காரணம் அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பெண் எழுந்து வழிவிட்டு, வீடு நன்றாக இருந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வசந்தி வீங்கிய முகத்தோடு நின்றாள். "நல்ல வீடு. சுடுதண்ணி வர நேரம் எடுக்கும். கொஞ்சம் பொறுத்தா வரும்" என்று ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிவிட்டு இறங்கினாள்.

விமான நிலையத்தில் அக்காவின் வாசல் ஒரு பக்கம், எங்களது மற்றப் பக்கம். கூடப்பிறந்தவனுக்காக ஒரே வீட்டில் இருந்து துக்கம் காக்கவும் அவர்களுக்கு வசதி இல்லை. ஆரணிக்கு இப்போது சொல்ல வேண்டாம், அந்தத் தகப்பன் இருக்கும்வரை சொல்ல வேண்டாம் என்று அக்கா முடிவெடுத்திருந்தார். இருவரும் கட்டிப்பிடித்து நின்றார்கள். அறிவிப்புகள் வந்துகொண்டேயிருந்தன. நான்தான் வசந்தியின் கையை எடுத்துவிட்டேன்.

லூயிசின் தகப்பன் ஆடி மாதம் இறந்தார். அதே மாதம்தான் மலரும் பிள்ளைகளும் வவுனியாவில் முள்ளுக்கம்பி முகாமொன்றில் இருப்பது தெரிய வந்தது. ஆரணி முதலில் தன் மாமனாரை அடக்கம் செய்துவிட்டு வந்து, பிறகு தன் மாமாவுக்காக அழுதாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு நாங்கள் ரொறன்ரோவில் இறங்கியபோது வருகை வாசலில் அபிரா நின்றாள். நான் விமானம் ஏறுமுன்பே அவளுக்குச் சொல்லியிருந்தேன். கறுப்பு உடுப்பு, முகத்தில் வெயில் சுட்ட தழும்பு, கால்களில் வீதிப் புழுதி. தாயைக் கண்டதும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. மாதக்கணக்காகக் கோஷம் போட்டுத் தொண்டை முழுக்க அடைத்துப் போயிருந்தது. திரும்பவும் முயன்றாள். காற்று மட்டும் வந்தது.

வசந்தி அவளுடைய வாயைக் கையால் பொத்தி, தலையைத் தன் தோளில் சாய்த்தாள்.

"கத்தினது காணும் பிள்ளை, போதும்" என்றாள். "வா, வீட்டை போவம்."